வேட்டைக்காட்டிலிருந்து தேசியப் பூங்கா வரை: இரவிகுளத்தின் கதை

மூணாறுக்கு வருகிறவர்கள் ராஜமலைக்குப் போகாமல் ஊர் திரும்புவதில்லை. போய் வந்தவர்கள் சொல்லும் முதல் செய்தியும் எப்போதும் ஒன்றுதான்: "ஆடு பக்கத்துலயே வந்து நின்னுச்சு." மற்ற மலைகளில் வரையாடு அப்படி நிற்காது. ஆள் வாடை பட்டதும் பாறை விளிம்பில் இறங்கி மறைந்துவிடும். நீலகிரியின் முக்கூர்த்தியில் அதைக் காண, தொலைநோக்கியோடு பாறை மறைவில் காத்துக்கிடக்க வேண்டும். ராஜமலைத் தார்ச்சாலை ஓரத்திலோ, கைக்குழந்தையோடு நிற்கும் குடும்பத்துக்குப் பத்தடி தள்ளி, அது பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது.

இரவிகுளம்–ராஜமலை சரணாலயம் 1975 மார்ச் 31 அன்று அறிவிக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது, பூங்காவில் பார்க்க வேண்டியவை பற்றி ஒரு கட்டுரை. எழுத உட்கார்ந்தால், பார்க்க வேண்டிய ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சங்கமோ, ஒரு சட்டமோ, ஒரு கம்பெனி உத்தரவோ வந்து நிற்கிறது. அந்தப் பத்தடி நெருக்கம்கூடத் தானாக வாய்த்ததில்லை. எனவே வரலாற்றை முன்னால் வைத்துவிட்டு, பிறகு ராஜமலைக்கு ஏறலாம்.

துரைமார் காடு

திருவிதாங்கூர் அளவைப் பணிக்காக 1816–17-ல் வார்டு, கானர் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் இந்த மலைகளில் நடந்தார்கள். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் உச்சியில் ஏறியதாக ஏட்டில் இருப்பவர்களில் முதல் ஆள், சென்னை ராணுவத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன், ஆண்டு 1862. அவருக்கு முன்னால் வழிகாட்டி நடந்தவர்கள் அதற்கு முன் எத்தனை முறை ஏறியிருப்பார்களோ! அவர்களுக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இல்லை.

ஜான் டேனியல் மன்றோ 1877-ல் பூஞ்சாறு அரசரிடம் இந்த மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். பரப்பு சுமார் 1,37,000 ஏக்கர். ஏலக்காய், காப்பி, சின்கோனா என்று ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்தார்கள். ஏ.எச். ஷார்ப் 1880 வாக்கில் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை போட்டார். கடைசியில் நின்றது அதுதான். 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது. நம் பாட்டன், பூட்டன்மாருக்கு அது வெறும் 'கம்பெனி'. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த சனங்கள் போடி வழியாக மலையேறி, லயங்களில் குடியேறி, காட்டை வெட்டித் தேயிலை நட்ட கதை இந்த மலரின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் கம்பெனி எல்லா மலையையும் தொடவில்லை. மூணாறுக்கு வடக்கே சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடந்த இரவிகுளம் மேட்டைச் சும்மா விட்டுவிட்டது. கருணை ஒன்றும் இல்லை. அங்கே மண் மெல்லியது. கொஞ்சம் தோண்டினால் பாறை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். தேயிலைக் கொழுந்து கருகும். தென்மேற்குப் பருவத்தில் காற்றும் மழையும் ஆளை நிற்க விடாது. தோட்டத்துக்கு உதவாத அந்த நிலத்தைத் துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்கு வைத்துக்கொண்டார்கள். மேட்டில் ஒரு குடிசை கட்டினார்கள். ஓடைகளில் டிரௌட் மீன் விட்டுத் தூண்டில் போட்டார்கள். வரையாட்டை வேட்டையாடினார்கள்.

வேட்டைக்கும் தூண்டிலுக்கும் அவரவர் இஷ்டம் என்று விட்டால் சில ஆண்டுகளில் சுட எதுவும் மிஞ்சாது என்பது தோட்டக்காரர்களுக்குப் புரிந்திருந்தது. கணக்குப் பார்க்கிற வர்க்கம் அல்லவா? 1928-ல் ஹைரேஞ்ச் விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைந்தது. பெயரில் பாதுகாப்பு இருந்தாலும் நோக்கம் வேட்டையை ஒழுங்குபடுத்துவது. எஸ்டேட் மேனேஜர்களே வார்டன்கள். அனுமதி இல்லாமல் சுடக் கூடாது என்று கட்டுப்பாடு. வேட்டைக்காரர்கள் ஆசைப்பட்டது கிழட்டுக் கடாக்களைத்தான். வயது முற்றிய கடாவின் கரும்பழுப்பு உடம்பில் முதுகின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை விழும். சேணம் வைத்ததுபோல் இருக்கும். அந்தத் தலையும் தோலும் பங்களா சுவருக்குப் போகும். பெட்டையும் குட்டியும் அவர்களுக்குப் பெருமை தரும் பொருளில்லை. அதனால் மந்தை பிழைத்தது.

வேட்டைக்காரன் காத்த காடு என்று சொன்னால் இன்றைய இயற்கை ஆர்வலர் சிலருக்குக் கசக்கும். எனக்கும் அந்தத் துரைமார்மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. அவர்கள் காலத்தில் லயத்துச் சனம் என்ன பாடுபட்டது என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனாலும் அதே காலத்தில் நீலகிரியில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே பரந்த புல்வெளிகளைத் தரிசு என்று எழுதி, சீகை மரமும் பைனும் யூகலிப்டசும் நட்டுத் தீர்த்தார்கள். கண்ணன் தேவன் மலையிலும் தேயிலை ஃபேக்டரி அடுப்புக்காகக் கிராண்டிஸ் மரம் ஏராளமாக நடப்பட்டது. எல்லாம் கீழே. மேலே இரவிகுளம் மேட்டுக்கு மட்டும் மண்வெட்டி போகவில்லை. வேட்டைக்குத் திறந்த புல்வெளி வேண்டும், அவ்வளவுதான் காரணம். நோக்கம் எதுவானாலும் புல் மிஞ்சியது.

அந்தச் சங்கத்தின் வரலாற்றில் துரைமார் பெயர்கள் நிறைய உண்டு. டர்னர் பெயரில் ஒரு பள்ளத்தாக்கே இருக்கிறது. ஆனால் மழையிலும் பனியிலும் மேட்டைச் சுற்றி வந்தவர்கள் முதுவர்கள். மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் பூர்வீகத்தைச் சொல்லும் இந்தப் பழங்குடியினரைத்தான் சங்கம் காவலர்களாக வைத்துக்கொண்டது. எந்தச் சோலைக்குள் செந்நாய்க் கூட்டம் படுத்திருக்கிறது, எந்தப் பாறைச் சரிவில் ஆடு குட்டி போடும், கள்ள வேட்டைக்காரன் எந்தக் கணவாய் வழியாக வருவான் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. குளிர்காலத்தில் புல் காய்ந்ததும், பனி ஈரம் முழுக்கப் போவதற்கு முன்பாக, துண்டு துண்டாக இளந்தீ வைப்பதும் அவர்கள் கைவேலை. முற்றின புல் எரிந்த இடத்தில் சில வாரங்களில் இளம்புல் எழும். குட்டி ஈன்ற பெட்டைகள் அங்கே வந்து மேயும். பெருந்தீ வந்து சோலையைத் தின்னாமல் இருக்கவும் இதுவே தடுப்பு. பின்னால் வந்த வனத்துறையும் ஆய்வாளர்களும் இந்த முறையைப் பார்த்துப் படித்துக்கொண்டார்கள்.

1971

இந்திய விடுதலைக்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலைமை இப்படியே போயிற்று. 1964-ல் டாட்டா நிறுவனம், கம்பெனியை நடத்திவந்த ஃபின்லே நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. மேட்டில் ஒன்றும் மாறவில்லை. அமெரிக்க விலங்கியல் ஆய்வாளர் ஜார்ஜ் ஷாலர் 1969-ல் இங்கே வந்து வரையாட்டைப் பின்தொடர்ந்து பார்த்தார். உலகத்துக்கு இந்த மேட்டின் மதிப்பைச் சொன்னதில் அவர் எழுத்துக்குப் பங்கு உண்டு.

பிறகு வந்தது 1971-ன் கண்ணன் தேவன் மலைகள் நில மீட்புச் சட்டம். கேரளத்தில் அச்சுத மேனன் அமைச்சரவை. ஒரு கம்பெனி கையில் லட்சம் ஏக்கருக்கு மேல் இருப்பது எந்த ஊர் நியாயம் என்பது கேள்வி. மீட்கப்படும் நிலத்தை விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் கொடுப்பது சட்டத்தின் நோக்கம். கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972 ஏப்ரலில் தீர்ப்பு அரசுப் பக்கம் வந்தது. 1974-ல் நில வாரியம் கணக்கை முடித்தது: சுமார் 57,000 ஏக்கர் கம்பெனிக்கு, 70,000 ஏக்கருக்கு மேல் அரசுக்கு. இரவிகுளம் மேடு அரசுப் பங்கில் வந்தது.

இரவிகுளம் வரலாற்றிலேயே ஆபத்தான ஆண்டுகள் அவைதான் என்பேன். வேட்டைக் காலத்தைவிட ஆபத்து. மேட்டைப் பங்கு போட்டுப் பயிரிடக் கொடுக்கலாம், மாட்டுப் பண்ணை வைக்கலாம், மரம் நடலாம். எதைச் செய்தாலும் சட்டப்படி சரி. தோட்டத் தொழிலாளிக்கு நிலம் வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இல்லையா என்றால், முழு நியாயம் இருந்தது. இன்றும் இருக்கிறது. வயசு முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு ஓய்வு பெறும் நாளில் லயத்துச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகிற பிழைப்பு நம்முடையது. ஆனால் உறைபனி விழும் பாறை மேட்டில் துண்டு நிலம் கொடுத்து எந்தக் குடும்பத்தையும் வாழவைத்திருக்க முடியாது. கொடுக்க வேண்டிய நிலம் கீழே இருந்தது. அந்த வழக்கு வேறு, இன்னும் முடியவில்லை.

தோட்டக்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் அரசிடம் எடுத்துச் சொன்னார்கள். அதற்குள் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருந்தது. 1975-ல் மேடு சரணாலயமானது. நீலகிரியில் வாழ்ந்த வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார் மலை மலையாக ஏறி வரையாடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். எஞ்சியிருக்கும் பெரிய மந்தைகளில் ஒன்று இரவிகுளத்தில் இருப்பதை அவர் கணக்கு உறுதி செய்தது. 1978-ல் சரணாலயம் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. கேரளத்தின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தேசியப் பூங்கா என்றால் மேய்ச்சல் கிடையாது, தனியார் உரிமை கிடையாது. சரணாலயத்தில் விட்டுக்கொடுக்க வழி உண்டு. இதில் கிட்டத்தட்ட இல்லை.

வேட்டைச் சங்கமும் காலத்துக்கேற்ப மாறியது. துப்பாக்கியை வைத்துவிட்டு, வனவிலங்கு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கமாகப் பெயர் மாற்றிக்கொண்டது. முதுவர் காவலர்கள் வனத்துறைக்குக் காவல் செய்யத் தொடங்கினார்கள். எஜமான் மாறினான், வேலை அதேதான்.

பத்தடி நெருக்கத்துக்கான விளக்கமும் இந்த மாற்றத்துக்குள் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கிச் சத்தம் கேட்காத மந்தைக்குப் பயம் குறையும். அதற்கு மேல் உப்பு. மலைப்புல்லில் உப்புச் சத்து குறைவு. ஆடு அதற்கு ஏங்கும். கிளிஃபோர்ட் ரைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979 முதல் 1981 வரை இங்கே தங்கி வரையாட்டின் வாழ்க்கையை ஆராய்ந்தபோது, உப்பு வைத்துத்தான் மந்தையைத் தன் பக்கத்தில் பழக்கினார். ஆள் வந்தால் ஆபத்தில்லை என்ற பாடம் தாயிடமிருந்து குட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. இந்த நம்பிக்கையைப் பார்வையாளர் யாரும் கெடுத்துவிடாமல் இருப்பது ராஜமலைக் காவலர்களின் அன்றாடத் தலைவலி. பிஸ்கட் பொட்டலத்தை நீட்டுகிறவர், கொம்பைப் பிடித்துப் படம் எடுக்கத் துடிக்கிறவர் தினமும் உண்டு.

ஐந்தாம் மைலிலிருந்து

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை சாலையில் போனால் ஐந்தாம் மைலில் டிக்கெட் கவுன்டர். சொந்த வண்டி அங்கேயே நிற்க வேண்டும். வனத்துறை பஸ், நயமக்காடு எஸ்டேட்டின் தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. மேல் சோதனைச் சாவடியில் தேயிலை சட்டென முடிந்து புல் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். 1974-ல் காகிதத்தில் போட்ட கோடு கண்ணுக்குத் தெரியும் இடம் அது.

அங்கிருந்து நடை. கூட்டம் சேருவதற்குள் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் மஞ்சு ஏறினால் ஆனைமுடி இருந்த இடம் தெரியாது. காலையில் வெயில் விழும்போது, வலிய பாறை முதுகோடு யானை மத்தகம் வானத்தில் நிற்கும். அதன் சரிவில் மழைக்காலமானால் வெள்ளிக் கோடுகளாக அருவிகள். உச்சிக்கு ஏறப் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. ஏமாற்றம்தான், ஆனால் சரியான ஏற்பாடு.

சாலையோரத்துப் பெட்டை ஒன்றைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சாம்பல் கலந்த பழுப்பு, நாட்டு ஆட்டைவிடக் கட்டை குட்டையான உடம்பு, பின்னோக்கி வளைந்த கொம்பு. உதட்டால் புல்லைத் தள்ளி, அடியில் இருக்கும் இளம் நுனியை மட்டும் கடித்து இழுக்கும். பாறையில் ஏறும்போது முன்காலை வைத்த இடத்தில் ஒரு கணம் அழுத்தி, தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் பின்காலை எடுக்கும். குளம்பின் ஓரம் கெட்டி, நடு மெத்து. ஈரப்பாறையில் பிடிமானம் அதனால்தான். குட்டி அந்தச் சோதனையெல்லாம் செய்யாது. அம்மா நின்ற இடத்துக்கு மேல் ஒரு துள்ளு, அங்கிருந்து இறங்கத் தெரியாமல் ஒரு கத்தல். பெரிய கடாக்களைச் சாலையோரத்தில் பார்ப்பது அபூர்வம். ஆண்டின் பெரும்பகுதி அவை தனியே திரிந்து, பருவமழையின்போது இனச்சேர்க்கைக்குத்தான் மந்தையோடு சேரும். அந்த மழையில் நாம் போவதில்லை. வரையாடு என்கிறோம், 2005-ல் வெளியான மரபணு ஆய்வு, இது வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்லித் தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டது.

ஆட்டைப் பார்த்த கண்ணைக் கொஞ்சம் உயர்த்தினால் மலையின் கட்டமைப்பு தெரியும். சரிவு முழுக்கப் புல். மடிப்பு மடிப்பாக இருக்கும் பள்ளங்களில் மட்டும் கரும்பச்சைச் சோலை, கிழவி முந்தானையில் முடிந்துவைத்த காசாக. திறந்த சரிவில் மரக்கன்று முளைத்தால் உறைபனியும் தீயும் அதை விடுவதில்லை. பள்ளத்தில் ஈரமும் காற்று மறைவும் இருப்பதால் அங்கே மரம் நிற்கிறது. அந்தச் சோலைகளில் கருமந்தி உண்டு, நீலகிரி மரநாய் உண்டு. ரோடோடென்ட்ரான் மரம் சிவப்பாகப் பூத்து நிற்கும் மாதங்களில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். 2010-ல் எஸ்.டி. பிஜுவும் சக ஆய்வாளர்களும் ஆனைமுடிப் பக்கத்தில் செக்கச் செவேலென்ற ஒரு சின்னத் தவளையை விஞ்ஞானத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். அதன் உலகமே இந்த மேட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சாலையில் நடக்கிற நமக்கு அது தட்டுப்படாது.

லக்கம் அருவி மறையூர்ப் பாதையில் கீழே இருக்கிறது, குளிக்கலாம். மறையூர்ச் சந்தனமும் வெல்லமும் முனியறைகளும் இன்னொரு கட்டுரைக்கான சரக்கு.

குறிஞ்சி வருடம்

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை. 1982, 1994, 2006, 2018. முதுவர்களில் பெரியவர்கள் தங்கள் வயதையே எத்தனை பூப்பு பார்த்தோம் என்று சொல்வார்கள். செடி பூத்து, விதை விட்டு, காய்ந்து சாகும். அடுத்த தலைமுறை அதே விதையில் முளைத்து அடுத்த பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கும்.

2006-ல் கூட்டம் மூணாறைத் திணறடித்தது. அந்த ஆண்டுதான் வட்டவடை, கொட்டக்கம்பூர்ப் பகுதியில் குறிஞ்சிக்காகவே தனிச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2018-க்கு எல்லோரும் தயாராக இருந்தார்கள். ஓட்டல், ஜீப், ஐஸ்கிரீம் வண்டி எல்லாம் தயார். ஆகஸ்ட் மழை அத்தனை கணக்கையும் அடித்துக்கொண்டு போனது. பெரியவரைப் பாலம் இடிந்தது. ராஜமலைக்குப் போகும் வழியே துண்டிக்கப்பட்டது. செப்டம்பரில் வழி திறந்து ஆட்கள் வந்தபோது சரிவுகளில் மிச்சம் இருந்தது ஊதாத் திட்டுகள். வந்தவர்கள் குறைப்பட்டார்கள். செடிக்கு ஒன்றும் நட்டமில்லை.

பார்க்க முடியாத பகுதி

பார்வையாளர் நடக்கிற சாலை பூங்காவின் ஓரத்து நூலிழை. டர்னர் பள்ளத்தாக்கு, மேட்டின் நடுவே கிடக்கும் புல் வெளிகள், பழைய வேட்டைக் குடிசை, டிரௌட் ஓடைகள் எல்லாம் உள்பகுதியில். உல்லாசப் பயணத்துக்கு மூடியவை. ஏன் மூட வேண்டும், ஒரு ஜீப் சஃபாரி விட்டால் வருமானம் வராதா என்று மூணாறில் கேட்காத ஆண்டு கிடையாது. வருமானம் வரும்தான்.

ஆனால் மேட்டின் வேலை வேறு. அது ஒரு பெரிய மழை வாங்கி. அங்கே விழும் மழை புல்லின் வேருக்கடியில் தங்கி, சோலை வழியாகக் கசிந்து, மேற்கே ஒரு பகுதி பெரியாற்றுக்கும் கிழக்கே பாம்பாற்றுக்கும் இறங்குகிறது. ஆனைமுடிச் சரிவில் பிறக்கும் பாம்பாறு மறையூரைத் தாண்டிச் சின்னாற்றோடு சேர்ந்து அமராவதி அணைக்குப் போகிறது. உடுமலை, தாராபுரம், கரூர்ப் பக்கத்து வயல்கள் குடிக்கும் தண்ணீரில் இந்த மேட்டின் பங்கு உண்டு. இன்னொரு மாநிலத்துப் பூங்கா என்று தமிழ்நாட்டு வாசகர் ஒதுக்கிவைக்க முடியாத காரணம் இது.

மழை வாங்கும் மலை எப்போதும் மழையைத் தாங்கிவிடுவதில்லை. பூங்கா எல்லையை ஒட்டி, ராஜமலைக்கு அப்பால் இருக்கிறது பெட்டிமுடி. நயமக்காடு எஸ்டேட்டின் ஒரு டிவிஷன். கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடிக்கு நடைபாதை தொடங்கும் இடமும் அதுதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு மேலே மலைச் சரிவு உடைந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள். ஏறத்தாழ எல்லோரும் நம் தோட்டத்துச் சனம். செய்தி வெளியே வரவே மறுநாள் காலையாயிற்று. பெரியவரையில் 2018-க்குப் பிறகு போட்ட தற்காலிகப் பாலமும் மழையில் போயிருந்தது. மீட்புக்குப் போன வண்டிகள் தடைபட்டன. ராஜமலையின் அழகைப் பற்றி எழுதும் கட்டுரைகள் பெட்டிமுடியைத் தொடுவதில்லை. பஸ் ஏறும் ஐந்தாம் மைலுக்கும் அந்த இடத்துக்கும் இடையில் இருப்பது ஒரே மலை.

2012-ல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இரவிகுளமும் அந்தப் பட்டியலில் இருந்தது. தமிழ்நாடு, தன் மாநில விலங்குக்காக 2022-ல் 25.14 கோடி ரூபாயில் தனித் திட்டம் அறிவித்தது. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாள். 2025 ஏப்ரலில் இரு மாநிலமும் ஒரே நேரத்தில் கணக்கெடுத்தன. கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303, கூட்டினால் 2,668. அதில் இரவிகுளத்தில் மட்டும் 841. உலகத்தில் உள்ள வரையாட்டில் மூன்றில் ஒரு பங்கு 97 சதுர கிலோமீட்டருக்குள் இருப்பது பெருமை என்று மலர்களில் எழுதுவோம். எனக்குப் பயமும் வருகிறது. ஒரு நோய், ஒரு பெருந்தீ போதும். மற்ற மலைகளில் ஆடு பெருகினால்தான் இந்தப் பாரம் குறையும். வடக்கே ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் புல்மலை இதோடு தொட்டுக்கொண்டிருப்பது ஓர் ஆறுதல். ஆட்டுக்கு மாநில எல்லை தெரியாது. வனத்துறைகளுக்கும் இப்போதுதான் கொஞ்சம் மறக்கத் தொடங்கியிருக்கிறது.

வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரையாடு குட்டி போடும், பூங்காவை மூடிவிடுவார்கள். விவரம் தெரியாமல் வந்து ஐந்தாம் மைலில் கேட்டைப் பார்த்துச் சண்டை போடுகிறவர்களை ஆண்டுதோறும் காண்கிறோம். ஏப்ரலில் திறந்ததும் வந்தால் இரண்டு மாதக் குட்டிகள் சாலையோரத்தில் துள்ளும்.

அடுத்த குறிஞ்சி 2030. பஸ்ஸைக் கூட்டு, பாதையை நீட்டு, உள்ளே டர்னர் பள்ளத்தாக்கு வரை விடு என்று அதற்குள் கோரிக்கைகள் எழும். பஸ்ஸைக் கூட்டலாம். கீழே கழிப்பறையும் வரிசைக்கு நிழலும் இன்னும் நன்றாக வேண்டும். நமக்கும் வெளியூராருக்கும் அது நல்லது. பாதையை நீட்ட மட்டும் நான் ஒப்பமாட்டேன். குறிஞ்சி ராஜமலைச் சாலைச் சரிவிலேயே பூக்கும். அதைப் பார்க்க யாரும் மேட்டுக்குள் போக வேண்டியதில்லை. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மழைக்கோட்டு ஒன்றும் இருக்கட்டும்.